நாற்றப்புட்டி அண்ணன்

அவர் வருகிற செய்தி எங்கள் தெருவுக்கு முதலில் மூக்கு வழியாகத்தான் வந்து சேரும். சந்து முனையில் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். கோலி விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "நாத்தம் வருது டோய்!" என்று கத்தியபடி திசைக்கொருவராக ஓடுவார்கள். அதற்கப்புறம்தான் அவர் தெரிவார். மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் தக்கை போட்டு அடைத்த புட்டி, ஒரு சுரண்டுகத்தி, கை நிறைய வெள்ளைப் பனியன் வெட்டுத்துணி. பிள்ளைகள் ஓடுவதை நின்று பார்ப்பார். கடைசிப் பிள்ளை மூலை திரும்புகிறவரை நகர மாட்டார். நாற்றத்துக்குப் பயந்து ஓடுவதைப் பார்ப்பதில் ஒரு மனிதருக்கு அப்படி என்ன சந்தோஷம் என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை.

புட்டியில் இருந்தது சாயப்பட்டறைச் சரக்கு. கருப்புச் சாயம் ஏற்றும்போது சல்பைடு என்று ஒன்றைக் கரைத்து ஊற்றுவார்கள். பட்டறைக் கெமிஸ்ட் ஒருவர் அவருக்கு அதை வைத்து ஒரு வித்தை சொல்லிக்கொடுத்திருந்தார். கதவு, ஜன்னல், தொட்டில் என்று பெயிண்ட் அடித்த எதையும் லேசாகச் சுரண்டி, அந்தத் தண்ணீரில் நனைத்த துணியை ஒற்ற வேண்டும். பெயிண்டில் ஈயம் இருந்தால் அந்த இடம் கருத்துவிடும். வீடு வீடாகப் போய் இப்படி ஒற்றிப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. வேலை என்றும் சொல்ல முடியாது. யாரும் கூப்பிட்டதில்லை. குழந்தையின் வயிற்றில் ஈயம் சேர்ந்தால் இரத்தம் சுண்டிப்போகும், வயிறு வலிக்கும், புத்தி மழுங்கும் என்று பெரிய டாக்டர் ஒருவர் எப்போதோ அவரிடம் சொல்லியிருக்கிறார். அதை மனதோடு வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கொங்கு நாட்டில் மரியாதைக்குப் பஞ்சமில்லை. எதிரியைத் திட்டினாலும் கடைசியில் ஒரு 'ங்க' வைத்துத்தான் திட்டுவோம். அவரோ எங்களையெல்லாம் மிஞ்சினவர். தெருநாய் வழியில் படுத்திருந்தால், "கொஞ்சம் நவுந்துக்கங்க சாமி" என்பார். ஈயத்துக்கும் அதே மரியாதைதான். ஒருநாளும் 'அது' என்று சொன்னதில்லை. வீட்டுக்கு வரும் விருந்தாளியை நாங்கள் ஒறம்பரை என்போம். ஜன்னல் கட்டையில் ஒற்றிய துணிக்கடியில் கருப்பு தெரிந்துவிட்டால் முகமெல்லாம் சிரிப்பாக, "அம்மிணி, ஒறம்பரை வந்திருக்காருங்க. கூப்பிடாம வந்தவரு. சோறு போடாதீங்க, அனுப்பி வெச்சிரலாம்" என்பார்.

அந்த மரியாதையை வைத்து அவரை இளகின ஆள் என்று எடைபோட்டவர்கள் ஏமாந்துபோனார்கள். "இப்ப வேண்டாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றால், "ஆகட்டுங்க" என்று வாசலுக்கு எதிரே வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்துகொள்வார். ஒரு வார்த்தை பேச மாட்டார். காற்று வீட்டுப் பக்கம் அடிக்கும். அரைமணி நேரத்தில் அந்த வீட்டுக்காரரே எழுந்து வந்து, "வாங்க, வந்து தொலைங்க, பார்த்துட்டுப் புட்டிய மூடுங்க" என்பார்.

அவர் முன்பு பனியன் பெட்டிக்கு லேபிள் அச்சடிக்கும் அச்சாபீஸில் எழுத்துக் கோத்தவர். பிழை திருத்தும்போது ஈய எழுத்துகளை வாயில் இடுக்கிக்கொள்வாராம். கடைசியில் வலது மணிக்கட்டு தொங்கிப்போயிற்று. கையைத் தூக்கலாம், ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே வாடிய வெற்றிலைபோலத் துவண்டு கிடக்கும். வணக்கம் சொல்வதானால் இடது கையால் வலது கையைத் தூக்கி நிறுத்தி, இரண்டையும் சேர்த்துக் கும்பிட வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எதிரே வருபவர் அதற்குள் தாண்டிப் போயிருப்பார். அப்போதும் போகிறவர் முதுகைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் நடப்பார். "நான் இந்த ஒறம்பரையைத் தின்னே வளர்ந்தவனுங்க" என்று தொங்குகிற கையைக் காட்டிச் சிரிப்பார். "எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்கு முந்தியே எழுத்தைத் தின்னுட்டனுங்க."

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது பெயிண்ட் டப்பாவால். நான் அப்போது ஒரு பனியன் கம்பெனியில் குமாஸ்தா. அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் என்பதால், தெருவில் இங்கிலீஷில் எது இருந்தாலும் என்னிடம்தான் வரும். மருந்துப் புட்டி, தந்தி, கல்யாணப் பெண்ணுக்கு வாங்கிய பவுடர் டப்பாகூட வந்திருக்கிறது. நானும் பரீட்சை எழுதுகிறவன்போல உட்கார்ந்து எழுத்தெண்ணிப் படித்துச் சொல்வேன். ஒருநாள் காலி பெயிண்ட் டப்பா ஒன்றை என் மடியில் வைத்து, "தம்பி, இவரு பேரு இதுல எங்கயாச்சும் இருக்குதுங்களா, பாருங்க" என்றார். தேடிப் பார்த்து இருக்கிறது என்றேன். "பார்த்தீங்களா, பேரைப் போட்டுக்கிட்டே வந்திருக்காரு. ஒளிவு மறைவு இல்லாத மனுசன்" என்று ஈயத்தைப் பாராட்டினார்.

எங்கள் முதலாளி வீட்டுத் தொட்டில் விஷயம் நடந்ததும் அந்தச் சமயத்தில்தான். பேரனுக்குப் பெயர் வைக்கும் நாள். மெட்ராஸிலிருந்து ரோஜா நிறப் பெயிண்ட் அடித்த தொட்டில் வந்திறங்கியிருந்தது. நானும் கம்பெனி ஆட்களும் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று சாம்பார் மணத்தை மீறி அந்த நாற்றம். பந்தியில் ஒருவர் பக்கத்து இலைக்காரரைச் சந்தேகமாகப் பார்த்தார். வாசலில் நம்மவர் இடது கையால் வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

முதலாளியின் அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வந்தார். "நல்ல நாளும் அதுவுமா என்னுங்க இது?"

"ஒண்ணுமில்லீங்க ஆத்தா. தொட்டிலை ஒருக்காத் தொட்டுப் பார்த்துட்டுப் போயிர்றனுங்க."

"மெட்ராஸ் தொட்டிலுங்க அது. உங்களுக்கு என்னுங்க தெரியும்?"

"தெரியாதுங்க. அதனாலதானுங்க தொட்டுப் பார்க்கறேன்னு சொல்றனுங்க."

விரட்டினால் சாபம் விடுவாரோ என்று பயந்தோ, நாற்றம் போனால் போதும் என்றோ விட்டுவிட்டார்கள். பல் முளைக்கும் குழந்தை கடிக்கிற உயரத்தில், கம்பி ஒன்றில் துணியை ஒற்றி எடுத்தார். ரோஜா நிறத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கருப்பு. பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்றுவிட்டார்.

"தொட்டில் மட்டும் வரலீங்க, ஒறம்பரையும் கூடவே ரயிலேறி வந்திருக்காரு" என்றார் இவர், கல்யாணச் செய்தி சொல்வதுபோல.

அன்றைக்கு அந்தக் குழந்தைக்குச் சேலைத் தூளியில் போட்டுத்தான் பெயர் வைத்தார்கள். முதலாளி மறுவாரமே ஆளனுப்பி, வீட்டு ஜன்னல்களையெல்லாம் இவரையே சுத்தம் செய்யச் சொன்னார்.

சுத்தம் செய்கிற விதத்தில் அவர் மகா பிடிவாதக்காரர். பெண்களும் பிள்ளைகளும் முதலில் வெளியே போக வேண்டும். பெயிண்டை நெருப்புக் காட்டி உரிக்கக் கூடாது, காயக் காயச் சுரண்டக் கூடாது. ஈரச் சாக்கைத் தரையில் விரித்து, பெயிண்டை நனைத்து நனைத்துத்தான் சுரண்டுவார். "தூசி பறந்தா ஒறம்பரை போகலைன்னு அர்த்தமுங்க. கட்டில்ல இருந்து எந்திரிச்சு மூக்குல உட்கார்ந்துக்குவாரு." சுரண்டினதைச் சாக்கோடு சுருட்டிக் கொண்டுபோய்க் கிணறு இல்லாத பக்கமாக ஆழக் குழி வெட்டிப் புதைப்பார். கடைசியில் மறுபடி துணியால் ஒற்றிப் பார்த்து, கருக்கவில்லையென்றால் அந்த வெறும் கட்டையைப் பார்த்து, "போயிட்டு வாங்க" என்று கும்பிடுவார். "வாங்கன்னு ஏனுங்க சொல்றீங்க, திரும்பி வந்துருவாரு" என்று பெண்கள் கேலி செய்வார்கள். "வாய் பழகிப்போச்சுங்க அம்மிணி. அவரு வரமாட்டாருங்க, மானஸ்தன்" என்பார்.

எந்த வீட்டிலும் அடுப்பங்கரைக்குள் மட்டும் காலெடுத்து வைக்க மாட்டார். அது பெண்கள் இடம், அங்கே ஆண்பிள்ளைக்கு என்ன வேலை என்பது அவர் மரியாதை. பாத்திரம் பார்க்க வேண்டுமானால் வெளியே எடுத்துவந்து வைக்கச் சொல்வார். இந்த மரியாதைதான் எங்கள் வீட்டில் அவரைக் கொஞ்ச காலம் ஏமாற்றியது.

அக்காவுக்கு ஒரே மகள், செல்வி. மூன்று வயது தாண்டியிருந்தாள். ஒரு வம்பு, ஒரு அடம் கிடையாது. வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள். "எங்க புள்ள மாதிரி அமைதியான புள்ள இந்தத் தெருவுலயே இல்லீங்க" என்று அக்காவுக்குப் பெருமை. அவ்வப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். பூச்சி மருந்து கொடுத்தோம், மந்திரித்துக் கயிறு கட்டினோம்.

ஒருநாள் அவர் தெருவுக்குள் வந்தபோது எல்லாப் பிள்ளைகளும் வழக்கம்போல ஓடின. செல்வி எங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் எதிரே குந்தி உட்கார்ந்தார். தக்கையைத் திறந்து புட்டியை நீட்டினார். அவள் முகத்தைச் சுளித்தாள், எழுந்திருக்கவில்லை. முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லாததைப் பார்த்தேன்.

"அம்மிணி, உங்க ஊட்டை ஒருக்காப் பார்க்கணுமுங்க."

அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், உள்ளேயிருந்து, "எங்கூட்ல பெயிண்ட் அடிச்சது கதவு ஒண்ணுதானுங்க" என்றார்.

"கதவைத்தானுங்க பார்க்கணும்."

கதவு கருத்தது. பச்சைப் பெயிண்டை நனைத்துச் சுரண்டி எடுத்துப் புதைத்தார். ஜன்னல், கட்டில் கால், விளையாட்டுச் சாமான், வெளியே எடுத்து வைத்த பாத்திரம் எல்லாம் பார்த்தார். வேறு ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் செல்வி எழுந்து ஓடவில்லை. அவர் வாரா வாரம் வந்தார். வாசலில் நின்று தக்கையைத் திறப்பார், அவளைப் பார்ப்பார், மூடிக்கொண்டு போவார்.

ஒருநாள் தெரு முனைவரை அவரோடு நடந்தேன். "ஓடாட்டி என்னங்கண்ணா, அவ சுபாவமே அப்படி" என்றேன்.

"எங்கூட்லயும் ஒண்ணு ஓடாம இருந்துச்சுங்க தம்பி. அச்சாபீஸ் சட்டையோடதான் நெதமும் தூக்கி வெச்சுக்குவேன். அடக்கமான கொழந்தைன்னு நாங்க நெனச்சுக்கிட்டிருந்தமுங்க." அப்புறம் வழியில் நின்ற ஒரு மாட்டிடம், "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

மச்சான் முன்னறையில் இரண்டு பழைய பின்னல் மிஷின் போட்டிருந்தார். அந்த மாதிரி மிஷினில் ஊசிகளைச் சின்னச் சின்னக் கட்டிகளில் பதித்துத்தான் வட்டமாக மாட்டுவார்கள். ஊசி ஒடிந்தால் கட்டியை உருக்கி, புது ஊசி வைத்து அச்சில் மறுபடி வார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மிஷினுக்கு லீவு. அன்றைக்குச் சமையல் முடிந்ததும் அதே அடுப்பில் அக்கா இரும்புக் கரண்டியில் கட்டிகளை உருக்குவாள், மச்சான் வார்ப்பார். மேலே மிதக்கிற கசடை அக்கா வழித்து அடுப்புக்குள்ளேயே தட்டிவிடுவாள். பாதித் தெருவில் இதுதான் வழக்கம். அந்தக் கட்டியும் ஈயம்தான் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. எங்களுக்கு அதன் பெயர் ஊசிக்கட்டி. ஈயம் என்றால் கதவில் இருப்பது, தொட்டிலில் இருப்பது.

கதவைச் சுத்தம் செய்து தந்தவருக்கு ஒரு வேளைச் சோறாவது போட வேண்டும் என்று ஒரு ஞாயிறன்று அக்கா அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். வருகிற வழியிலேயே ஒரு வீட்டில் ஜன்னலைப் பார்த்துவிட்டு, கையெல்லாம் நாற்றத்தோடு வந்தார். "இந்தக் கையோட இலையில உட்கார்ந்தா சோறே எந்திரிச்சு ஓடிருமுங்க" என்று சொல்லிவிட்டு, கை கழுவப் பின்பக்கம் பொடக்காலிக்குப் போனார். தேய்த்துக் கழுவ அக்கா அடுப்பிலிருந்து ஒரு பிடி சாம்பல் எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் போட்டாள். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அந்தச் சாம்பல்தான். பாத்திரம் விளக்க அது, பல் விளக்க அது. செல்விக்குத் தினமும் அக்கா விரலில் தொட்டுப் பல் தேய்த்துவிடுவதும் அதில்தான்.

அவர் இரண்டு தேய்ப்புத் தேய்த்தார். கையைப் பார்த்தார். சாம்பல் மை போலக் கருத்திருந்தது.

நான் பக்கத்தில் செம்போடு நின்றிருந்தேன். அவர் என் கையிலிருந்து செம்பைப் பிடுங்கினார். அதுவரை எந்த வீட்டு அடுப்பங்கரையிலும் கால் வைக்காதவர், விறுவிறுவென்று உள்ளே போய், உலை கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தார். புகை குபீரென்று எழும்பியது.

"புள்ளையத் தூக்கிட்டு வெளிய போ! சாம்பலைத் தொடாதே!"

அவர் வாயிலிருந்து 'ங்க' இல்லாமல் நான் கேட்ட ஒரே பேச்சு அது.

எரிகிற அடுப்பில் அடுத்தவன் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயமில்லை. மச்சான் ஆடிப்போய்விட்டார். "எங்கூட்டு அடுப்பை அணைக்க நீங்க யாருங்க? வெளிய போங்க!" என்று கத்தினார். அவர் கருத்த கையை நீட்டிக் காட்டினார். மச்சான் காது கொடுக்கவில்லை. பையைக்கூட எடுக்காமல் அவர் போய்விட்டார்.

அக்கா அவர் விட்டுப்போன பையை எடுத்து அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு மிஷின் எதுவும் இல்லாத பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு பிடி சாம்பல் வாங்கி வந்தாள். இலைத் துண்டு ஒன்றில் அதையும் இன்னொன்றில் எங்கள் சாம்பலையும் வைத்து, பையிலிருந்த புட்டியை எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டிலும் ஊற்றினாள். பக்கத்து வீட்டுச் சாம்பல் நனைந்த சாம்பலாகவே இருந்தது. எங்களுடையது கருத்தது. மச்சான் குனிந்து பார்த்தார். மறுபடி பார்த்தார். போய் மிஷினிலிருந்து ஓர் ஊசிக்கட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து, கத்தியால் சீவி, அதன்மேலும் ஊற்றச் சொன்னார். அதுவும் கருத்தது.

மறுநாளே செல்வியைத் தூக்கிக்கொண்டு அக்காவும் நானும் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அவள் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். ஈயம்தான் என்று உறுதியாயிற்று. "ஊசி போடறேன். ஆனா வீட்ல இருந்து அது போகலைன்னா நான் போடற ஊசி வீண்" என்றார். செல்வி அங்கேயே படுக்கையில் இருந்தாள். அக்கா கூட இருந்தாள். டாக்டர் சொன்னதை மச்சானிடம் சொல்வது என் வேலையாயிற்று.

நான் சொல்லி முடித்ததும் மச்சான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினார். திரும்பி வந்தபோது கூடவே அவர். வாசலில் நின்று, இடது கையால் வலது கையைத் தூக்கி நிறுத்திக் கும்பிட்டு, "அன்னைக்கு மரியாதை இல்லாமப் பேசிட்டனுங்க. அம்மிணி மன்னிக்கோணுமுங்க" என்று ஆஸ்பத்திரியில் இருக்கிற அக்காவிடம் காலி வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார்.

"உள்ள வாங்க" என்றார் மச்சான். "அடுப்பங்கரைக்கே வாங்க."

இரண்டு பேருமாக அடுப்பை நனைத்து உடைத்தார்கள். தரை மண்ணை ஒரு முழம் தோண்டி எடுத்து, ஈரச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். புது மண் கொட்டி, சுவரெல்லாம் ஈரத் துணியால் துடைத்துச் சுண்ணாம்பு அடித்து, வேறு மூலையில் புது அடுப்புப் போட்டார்கள். ஊசிக்கட்டி வார்ப்பதை ஊருக்கு வெளியே பாறைக்காட்டில் ஒரு தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். வார்த்தவர்கள் குளித்து வேறு வேட்டி கட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டும் என்று ஏற்பாடு. தெருவில் மிஷின் வைத்திருந்த மற்றவர்கள் முதலில் சிரித்தார்கள். இவர் ஒவ்வொரு வீட்டுக்கு எதிரிலும் வேப்பமரமோ முருங்கைமரமோ பார்த்து உட்கார்ந்தார். காற்று அவர் பக்கம் இருந்தது. ஒவ்வொருவராகக் கொட்டகைக்கு வந்தார்கள்.

செல்வி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. சோறு கேட்டாள். பின்பு இன்னும் கொஞ்சம் கேட்டாள். ஒருநாள் எதற்கோ அடம்பிடித்துத் தரையில் புரண்டு அழுதாள். அக்கா அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்து, "பாருடா, எப்படி அழுகறா பாருடா" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவர் வழக்கம்போல வந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வாசலில் நிற்பார், தக்கையைத் திறப்பார், செல்வி முகம் சுளிப்பாள், உட்கார்ந்திருப்பாள். "ஆகட்டுங்க" என்று போவார்.

அறுவடை முடிந்த காலம் என்று நினைவு. பொழுதோடு நான் கம்பெனியிலிருந்து வந்துகொண்டிருந்தேன். மச்சான் வாசலில் நூல் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். தெருவில் பிள்ளைகள் கூச்சல். அந்த நாற்றம் வந்தது. "நாத்தம் வருது டோய்!" என்று கத்திக்கொண்டு எல்லாம் சிதறின. கூட்டத்தின் கடைசியில், ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால் இன்னும் சரியாகப் பழகாமல் தத்தித் தத்தி ஒரு பச்சைப் பாவாடை ஓடியது.

"நாத்த மாமா! நாத்த மாமா!"

மச்சான் நூலை விட்டுவிட்டு எழுந்தார். அக்கா உள்ளேயிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் தெரு நடுவில் நின்றார். பையைக் கீழே வைத்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி நிறுத்தினார். கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் செல்வி மூலை திரும்பியிருந்தாள். அவள் போன பக்கம் பார்த்துக் கும்பிட்டு, "ஓடுங்க சாமி" என்றார். "நல்லா ஓடுங்க."